எட்டு விசிறிகளும் ஒரு தேன்கூடும்

அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்த எல்லோருக்கும் முதலாளியம்மா அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான்: அங்கே மின்வேலை பார்த்த அவளுடைய கொழுந்தன்.

கோடை பிறந்ததிலிருந்து முட்டை அறை அவளைப் பாடாய்ப் படுத்தியது. சூடு ஏறியதும் எட்டு விசிறிகளும் ஒன்றாகச் சுழலும். அறை சில்லிட்டதும் எட்டும் ஒன்றாக நிற்கும். மறுபடி கொதிக்கும். சில சமயம் எட்டும் சேர்ந்து கிளம்புகிற வேகத்தில் கரண்டே போய்விடும். போன முறை பாதிக்குப் பாதி கூமுட்டை.

"புது மெஷின் வாங்கினாத்தான் விடிவு, அண்ணி" என்றான் கொழுந்தன்.

"வாங்கலாம். உன்ன வித்துட்டு வாங்கலாம்."

சன்னலுக்கு வெளியே பழைய மீட்டர் பெட்டிக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. அதைக் கலைக்க ஒரு மத்தியானம் கொழுந்தன் ஏணியோடு வந்தான். அவள் தடுத்தாள். டீ குடிக்கும்போதெல்லாம் அவள் அந்தக் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஓரிரண்டு தேனீக்கள் மட்டும் வாசலில் நின்று இறக்கை வீசும். வெயில் ஏற ஏற மற்றவை வந்து சேரும். சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

"இதுங்க ஏன் எல்லாம் ஒண்ணா வீசல, சொல்லு?"

"சோம்பேறித்தனமா இருக்கும். நம்ம ஆளுங்க மாதிரி."

"இல்ல தம்பி. சீக்கிரம் புழுங்குறது முதல்ல வீசுது. அது பத்தலன்னாத்தான் அடுத்தது வருது. நீ எட்டு ஃபேனுக்கும் ஒரே சூட்ட வச்சிருக்க."

அவன் ஏணியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

ஒவ்வொரு விசிறியும் வெவ்வேறு சூட்டில் கிளம்பும்படி அதன் திருகைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். மறுநாள் உச்சிவெயிலில் ஐந்து விசிறிகள் ஓடின, மூன்று சும்மா இருந்தன. வெப்பமானியின் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "அடேங்கப்பா" என்று மட்டும் சொன்னான் கொழுந்தன்.

அண்ணி அதோடு விடவில்லை. அபாய மணி அடித்தால் மொத்தப் பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவது அங்கே வழக்கம். ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிமே பக்கத்துல இருக்கிறவங்க மட்டும் போங்க. அவங்களால முடியலன்னா அடுத்தவங்க. மத்தவங்க கையில இருக்கிற முட்டைய விடாதீங்க."

சிரித்தார்கள். ஆனால் குஞ்சு பொரிக்கிற வாரத்தில் கரண்ட் போனபோது இருவர் போய் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மற்றவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு முட்டையும் உடையவில்லை.

பொரிக்கிற நாள் விடிந்தபோது தட்டுக்குத் தட்டு மஞ்சள் பஞ்சாக நெளிந்தது. மதியத்துக்குள் பெட்டிகள் தீர்ந்துபோயின. கொழுந்தன் எதிர்ச் செருப்புக் கடைக்கு ஓடி, காலிப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் உட்கார்ந்து பேனாவால் காற்றுக்கு ஓட்டை போட்டார்கள்.

வண்டி கிளம்பும்போது கீச்சுச் சத்தத்தில் ஓட்டுநர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. அண்ணி கிட்டே போய், என்ன என்று அவரிடம் கேட்டாள்.

"எல்லாமே செருப்பா அண்ணி?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காலு முளைச்ச செருப்புங்க. பாத்து ஓட்டுங்க."