மூன்று விநாடிச் சிரிப்பு

எந்த வேலையிலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காத என் தம்பிதான் எனக்கு முன்னேறும் வழி சொல்லிக்கொடுத்தான். கேட்டுக்கொண்ட என்னைச் சொல்ல வேண்டும்.

சரக்குக் கிடங்கில், கடைகளுக்குப் போகும் பெட்டிகளைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடும் பிரிவில் எட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மேற்பார்வையாளர் பதவியை இரண்டு முறை நேற்று வந்தவர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"அக்கா, உனக்கு வேல தெரியுது, பொழைக்கத் தெரியல" என்று தம்பி ஒரு பட்டியல் போட்டான். மேலாளருக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட வேண்டும். தினமும் இரண்டு முறையாவது "நல்ல யோசனை சார்" சொல்ல வேண்டும். அவர் ஜோக்குக்கு மூன்று விநாடி சிரிக்க வேண்டும். குறைந்தால் திமிர், கூடினால் ஜால்ரா.

அந்த வாரம்தான் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. கடைப் பெயர்களின் அகர வரிசையில் பெட்டிகளை ஏற்றினால் அழகாக இருக்குமாம். நானும், "நல்ல யோசனை சார்" என்றேன். மறுநாள் முதல் கடையின் பெட்டியை எடுக்க, பாதி லாரியை நடைபாதையில் இறக்கி வைத்த டிரைவர், திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நேர்காணலுக்கு முந்தைய நாள், வீட்டு அலமாரியில் ஒட்ட அந்தப் பட்டியலை ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது: அசல் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியிலேயே கிடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் காணோம்.

நேர்காணலில் மேலாளர் தன்னுடைய ஒரே ஜோக்கைச் சொன்னார். பழக்க தோஷம், சிரித்துவிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு செகண்ட். கரெக்டா இருக்கு" என்று பட்டியலை மேசைமேல் வைத்தார்.

மானம் கப்பலேறிவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சார், எட்டு வருஷமா இதே ஜோக்தான் சொல்றீங்க. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல. அந்த அகர வரிசையும் வேணாம் சார். கடைசியா இறக்குற கடையோட பெட்டிய முதல்ல ஏத்தணும். டிரைவருங்க நம்ம ரெண்டு பேரையும் வாயில போட்டு மெல்லுறாங்க."

"அப்ப ஏன் நல்ல யோசனைன்னீங்க?"

"லிஸ்ட்ல இருந்துச்சு சார்."

அவர் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் மனதுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருந்தேன்.

"இத எழுதினது யாரு?"

"என் தம்பி சார்."

"எங்க வேல பாக்குறார்?"

"இப்போதைக்கு எங்கயும் இல்ல சார்."

"தெரியுது" என்றார். "நாளையிலேருந்து நீங்க சொல்ற மாதிரியே ஏத்துங்க. மேற்பார்வையாளர் சொன்னா எல்லாரும் கேட்டுத்தானே ஆகணும்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டியலை எடுக்கக் கை நீட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு ஜோக் சொன்னார். சகிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

எங்கள் மேலாளர் சிரித்தார். எண்ணிப் பார்த்தேன், சரியாக மூன்று விநாடி.