மீசைக்குக் கறி போட்டது யார்

பஸ்ஸில் ஏறியதுமே டிக்கெட் எடுக்காதவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். ரொம்ப அக்கறையாக ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவன்தான். செக்கர் உத்தியோகத்தில் தலை நரைத்தவன் நான். என் மூக்கு எதையும் தவற விட்டதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் மகளுக்கு வேலை கிடைத்ததற்கான விருந்தன்று, கறிக்குழம்பு இறங்குவதற்கு முன்பே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மீசைக்கு யாரும் எதுவும் போடக் கூடாது. குழம்புல வெங்காயம் இருக்கு. பூனைக்கு அது விஷம். போட்டது யாருன்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

மீசை என் செல்லப் பூனை. சொல்லும்போது என் கண் மச்சினன் மேலேயே இருந்தது. மனைவியின் தம்பி. சோபாவில் மீசை படுத்திருந்தால் நின்றுகொண்டே டீ குடிப்பான். பூனையைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

பந்தி முடியும் நேரம், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கறித்துண்டு கிடந்தது. பக்கத்தில் மீசை வாயை நக்கிக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

"என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு, எப்போ? கேட்டுக்கிட்டு உடனே தூக்கிட்டு வாங்க. இப்பன்னா வாந்தி எடுக்க வெச்சிடலாம். லேட்டானா ரத்தத்தைக் கெடுத்துடும்" என்றார்.

ஹாலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். கையை நீட்டச் சொல்லி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். விருந்து சாப்பிட்ட கைகள். அக்கா கை, மகள் கை, மனைவி கை, எல்லாமே கறிக்குழம்பாக மணத்தது. என் கையும்தான்.

"செக்கிங் முடிஞ்சா பூனையைத் தூக்கிட்டுப் போகலாம்" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மச்சினன் மட்டும் வரிசையில் இல்லை. அடுப்படிப் பக்கமிருந்து வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான்தான் போட்டேன் மாமா. நாலு துண்டு. குழம்புல இருந்து எடுத்து, காரம் போகட்டும்னு குழாய்ல கழுவிட்டுப் போட்டது. இப்பத்தான், பந்தி நடுவுல."

கழுவினானாம். காரம் போகும், கறிக்குள் இறங்கின வெங்காயம் எங்கே போகும்? "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று கத்திவிட்டு, அவன் கையில் பூனைக்கூடையைத் திணித்து ஸ்கூட்டரில் ஏற்றினேன்.

வழியில் வேறு சந்தேகம் வந்தது. கூடை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான். மீசை கத்தும்போதெல்லாம் இன்னொரு கை என் தோளை இறுக்கியது. டாக்டர் கூடையைத் திறந்ததும் கதவுக்கு வெளியே ஓடிவிட்டான்.

ஊசி போட்டார்கள். மீசை எல்லாவற்றையும் வாந்தி எடுத்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. சில நாள் ரத்தம் பார்க்கணும், இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்து மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குப் பூனைன்னா பயம். கிட்டயே போக மாட்டே. நீ எப்படிடா கறி போட்டே?"

"நான் போடல மாமா. நீங்க டாக்டர்கிட்ட போன் பேசுறப்ப, போட்டவங்க அடுப்படியில அழுதுக்கிட்டே என்கிட்ட சொன்னாங்க. நேரம் போகுதேன்னு நான் பழியை ஏத்துக்கிட்டேன்."

"யாரு?"

"ஆசையா போட்டவங்க. கழுவிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சிட்டாங்க."

"அதை என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்ட சொல்லப் பயமா இருக்குன்னாங்க."

என் மூளை உடனே அந்த வரிசையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. அக்காவா, மகளா, மனைவியா? "எனக்குப் பயப்படுற ஆளு யாருடா நம்ம வீட்ல?"

மச்சினன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"அதை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது மாமா. எல்லாரும்தான்."