எச்சில் இலைகளுக்குள்

உளுந்தூர்பேட்டை கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காருமுன் லிடியா டீச்சர் பல்லில் மாட்டியிருந்த அலைனரைக் கழற்றினாள். முப்பத்தொன்பது வயதில் பல்லை நேராக்க டாக்டர் கொடுத்த, கண்ணாடி போன்ற உறை அது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவசரமாகக் காகிதத்தில் சுற்றினாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். இலையோரம் வைத்ததாக நினைத்த காகிதத்தையும் காணோம். இலை எடுக்கும் பெரியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கவலப்படாதீங்க டீச்சர், பாத்துத் தரேன்" என்று பெரியம்மாள் தொட்டிக்குள் கைவிட்டு எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். லிடியா மூக்கைப் பொத்தக் கைக்குட்டை தேடிக் கைப்பையைத் திறந்தாள். காகிதச் சுருள் அதற்குள்ளேயே இருந்தது.

அதைச் சொல்லாமல் பையை மூடினாள். "விடுங்கக்கா, வேற வாங்கிக்கறேன்" என்றாள்.

"கெடைச்சா சொல்றேன், போன் நம்பர் குடுங்க" என்றாள் பெரியம்மாள். கொடுத்துவிட்டு லிடியா பஸ் ஏறினாள்.

சாயங்காலம் போன் வந்தது. "மூணு தொட்டியும் கொட்டிப் பாத்துட்டேன் டீச்சர். இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன். நாந்தான் பாக்காம அள்ளிட்டேன், மன்னிச்சிக்கிங்க."

அலைனர் லிடியாவின் வாயில்தான் இருந்தது.

"தேடாதீங்கக்கா. அது என் பையிலதான் இருந்துச்சி."

"எப்பப் பாத்தீங்க?"

"நீங்க தேடிக்கினு இருக்கும்போதே."



"சரி டீச்சர். அப்ப நான் கை கழுவிட்டு வூட்டுக்குப் போறேன்."

லிடியா உடனே திரும்பக் கூப்பிட்டாள். பெரியம்மாள் எடுக்கவில்லை.