இரண்டு காதும் தெரியோணும்

ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபா. மர்ஸூக் நானா எனக்குத் தரவேண்டிய சல்லி அது. பத்திரிகைக்குப் படம் எடுக்கிற மனிதர், கமராவை அடகு வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு புறக்கோட்டையில் நடந்தார். பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மீட்கக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகு எனக்கு முடை. கொட்டாஞ்சேனை அறைக்கு வாடகை நின்றுபோனது. வீட்டுக்கார றலியா உம்மா நல்ல மனுசிதான். ஆனாலும், "வருசம் முடியக்குள்ள சல்லி, இல்லாட்டிச் சாவி" என்று சொல்லிவிட்டார். சாவியைக் கொடுத்து வேறு அறைக்குப் போனால் மறுபடியும் பொலிஸில் பதிய வேண்டும். இந்தச் சண்டைக் காலத்தில் அதைவிட நூறு மூட்டை இறக்கிவிடலாம்.

நானாவைப் பிடித்துக் கேட்டேன்.

"காத்தமுத்து அண்ணே, பத்திரிகைப் படக்காரருக்கு ஒரு போட்டி வந்திருக்கு. டிசம்பர்ல பரிசு. கிடைச்ச உடனே உங்கட சல்லியைத் தாறேன்."

"கிடைக்காட்டி?"

"நல்ல வாயால சொல்லுங்க அண்ணே."

அவருக்குத் தேவை நாங்கள் மூட்டை இறக்குகிற படம். ஆளை நிறுத்திவைத்து எடுத்தால் போட்டியில் தள்ளிவிடுவார்களாம். நடப்பது நடந்தபடி இருக்க வேண்டுமாம்.

"நீங்க ஒண்டும் செய்ய வேணாம். நான் அங்க இல்லையெண்டு நினைச்சு மூட்டையைத் தூக்குங்க, போதும்."

அடுத்த நாள் வெங்காய லொறி வந்தது. நானாவும் வந்தார். கமராவை வெளியே எடுத்தார், அவ்வளவுதான்.

"கமரா!" என்று கத்தினான் ஹமீட்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். தம்பையா மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டினான். ஹமீட் முதுகில் மூட்டையோடு எச்சிலைத் தொட்டுத் தலைமயிரை ஒதுக்கினான். நான் மட்டும் என்ன? என் கழுத்தும் தானாக நிமிர்ந்தது. கமரா என்றால் எங்களுக்கு அடையாள அட்டை. நேரே பார், சிரிக்காதே, இரண்டு காதும் தெரியோணும். ஸ்டூடியோக்காரர் நாடியைப் பிடித்துத் திருப்பிய திருப்பு இன்னும் கழுத்தில் இருக்கிறது. படம் சரியில்லையென்றால் சோதனைச் சாவடியில் "இது நீ இல்லையே" என்பார்கள். நான்தான் நான் என்று சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும்.

"காதை யாரு கேட்டது? வேலையைப் பாருங்க!" என்று நானா கத்தினார்.

"காது இல்லாமப் படமா? பொலிஸ் ஏத்துக்காது நானா" என்றான் ஹமீட்.

"இது பொலிஸுக்கு இல்ல, போட்டிக்கு!"

"போட்டிக்காரருக்கும் ஆள் யாரெண்டு தெரியோணுமே."

மறுநாள் நானா உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கறுப்பாக ஏதோ சாமானோடு மூட்டைகளுக்குள் ஒருவன் பதுங்கியிருக்கிறான் என்று கடை முதலாளி அலற, தெருவே ஓடத் தயாரானது. நாங்கள் அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். உடம்பெல்லாம் மண். விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் கமராவைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. வரிசையாக நின்றோம்.

இரண்டு ரோல் தீர்ந்தபிறகு வெள்ளவத்தையில் இருக்கிற தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். எல்லாப் படமும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் இருந்தன.

"பாருங்க. பதினெட்டுப் பேரும் பிடிபட்ட ஆக்கள் மாதிரி நிக்கிறீங்க. நாளைக்குத்தான் போட்டிக்குக் கடைசி நாள். போட்டியும் போச்சு, உங்கட சல்லியும் போச்சு." சொல்லிவிட்டுக் கட்டிலில் குப்புற விழுந்தார்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முகமும் பளிச்சென்று இருந்தது. எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிற எல்லாரும் புதுப் பாஸ் எடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு படம் கொண்டு வாருங்கள் என்று அந்தக் கிழமைதான் பொலிஸில் சொல்லியிருந்தார்கள். ஸ்டூடியோவில் எழுபது ரூபா, அதோடு அரைநாள் கூலியும் போகும். ஒருவனும் போகவில்லை.

"நானா, இதை ஆள் ஆளா வெட்டிச் சின்னதா அடிக்க ஏலுமா?"

விசயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். "நான் பத்திரிகைக்காரன் அண்ணே. பாஸ் படம் அடிக்கிறவன் இல்ல."

"வித்தியாசத்தை நீங்களே வந்து றலியா உம்மாவுக்குச் சொல்லுங்க."

என்னை முறைத்தார். பிறகு ஜன்னலை அடைத்துவிட்டுப் படம் கழுவுகிற மருந்துத் தட்டுகளை எடுத்தார்.

மறுநாள் காலை லொறி நிழலில் படங்களைக் கொடுத்தோம். தன் படத்தை விட்டுவிட்டு மற்றவன் படத்தைத்தான் எல்லாரும் பறித்தார்கள்.

"தம்பையா, இதைக் காட்டினா உனக்கு ரெண்டாம் கல்யாணமே நடக்கும்!"

"முதல்காரி உயிரோட விடுவாளா?"

ஹமீட்டின் படத்தில் எல்லாம் சரி, கண் மட்டும் இரண்டும் மூடியிருந்தது. "ஐயோ, ஹமீட் மௌத்து!" என்று ஒருவன் ஒப்பாரியைத் தொடங்க, ஹமீட் படத்தைப் பிடுங்கப் பாய்ந்தான். அது கை மாறிக் கை மாறிப் போனது. மூட்டைக்கு மேலால் தாவினான், மூட்டை வெடித்தது, வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. முதலாளி ஏசிக்கொண்டு ஓடிவந்து அவரும் வழுக்கினார். தம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

நானா படம் படமாக எடுத்துக்கொண்டிருந்ததை நான் மட்டுமே கண்டேன். "கமரா" என்ற சொல் தொண்டைவரை வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ரோலைச் சுற்றி எடுத்ததும் நானா புறப்பட்டார். கழுவி, அடித்து, நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் விடவில்லை. கணக்கு முடியட்டும் என்று நிற்கவைத்தேன். பதினாறு பேர் எழுபது எழுபதாக என் கையில் வைத்தார்கள். என் படத்துக்கு நானே எழுபதைக் கழித்தேன். ஹமீட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டான்.

"கண்ணை மூடினவனுக்கு யாரு பாஸ் தருவா? நான் தரமாட்டேன்."

நானா சட்டைப் பையைத் துழாவினார். பஸ் காசுதான் இருந்தது. அதை எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"இதை வச்சுக்கங்க அண்ணே. நான் ஓடிப் போறேன்."

"வெள்ளவத்தைக்கு ஓடினா நாலு மணிக்கு இல்ல, நாளைக்குத்தான் போய்ச் சேருவீங்க. அந்த எழுபதை நான் விட்டுட்டேன், பஸ்ஸைப் பிடிங்க."

"அப்ப கடன்?"

"முடிஞ்சுது நானா. போங்க!"