மரியாதையாகக் கேலி செய்வது எப்படி?

1

இந்தக் கதை எனக்கு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. சொன்னவர் கடைக்காரர். கேட்கும்போது என் கழுத்தில் அவருடைய கத்தி இருந்தது. அந்த நிலையில் எதற்கும் தலையாட்ட முடியாது. நம்பாமலும் இருக்க முடியாது. ஆகவே இதிலுள்ள உண்மைக்கு அவர் பொறுப்பு, பொய்க்கு நான்.

முதல் வாக்கியத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'ரோமப் படைவீரனின் சிரிப்பு எருசலேமின் கல்தளத்தில் மோதி—' (வேண்டாம். குதிரைக் குளம்பொலி கேட்கிறது.) 'கேலி என்பது அதிகாரத்தின்—' (இது கட்டுரை. யாரும் கேட்கவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மாதா கோயிலில் நடந்த, இயேசு சிலுவையில் அறையப்படும் பாடுகளின் நாடகத்தில், அவரைக் கேலி செய்யும் படைவீரனாக முடிதிருத்துபவர் நடித்தார். இயேசுவாக நடித்தவர் அவருடைய தங்கையின் கணவர்.

2

அந்த மாப்பிள்ளை பம்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையை மூடினார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சவரம் செய்துகொள்ள மனமில்லாமல் தாடி வளர்ந்தது. முடிதிருத்துபவர் வீட்டில் தாடியோடு ஒரு மாப்பிள்ளை! மச்சான் அவருக்கு 'மகாராஜா' என்று பெயர் வைத்தார்.

"மகாராஜா எழுந்தாச்சா? காபி அந்தப்புரத்துக்கே வரணுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தங்கை மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மச்சான் மாப்பிள்ளையைக் கேலி செய்வது ஊர் உலகத்தில் உள்ளதுதான். அதற்கெல்லாம் யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவையும் ஒரு மனிதர் வாங்கிக்கொள்வாரா? ஒரு வரைவில் அவரைக் கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிய வைத்தேன். எறிந்தார். ஆனால் அடுத்த வரியில் அவரே குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.)

நாடகத்துக்கு இயேசுவைத் தேடியபோது கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைச் செயலர் அந்தத் தாடியைப் பார்த்தார். "ஒட்டுத்தாடி வாங்க வேண்டாம். இவரையே போட்டுடுவோம்" என்றார். இறையழைத்தல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழியில் வருகிறது.

3

ஒத்திகையில் முடிதிருத்துபவர் வெளுத்து வாங்கினார். மாப்பிள்ளையைக் கேலி செய்ய அவருக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. அப்போதுதான் நாடகம் பார்க்க பிஷப், அதாவது ஆயர், வருகிறார் என்று செய்தி வந்தது. செயலர் ஓடிவந்து, கேலிக்காக இயேசுவின்மேல் போர்த்தும் துணியைக் காட்டினார்.

"இது என்ன நிறத்துல போர்வை?"

"ஊதா. வேதத்துல அப்படித்தானே இருக்கு?"*

"ஆயர் இடுப்புல கட்டியிருக்கிற கச்சை என்ன நிறம்?"

"ஊதா."

"அவர் முன்வரிசைல உக்காந்திருப்பார். நீங்க மேடையில ஒருத்தருக்கு ஊதாவைப் போர்த்திவிட்டுக் கிண்டல் பண்ணுவீங்க. நல்லா இருக்குமா?"

(*மாற்கு ஊதா என்கிறார். மத்தேயு சிவப்பு என்கிறார். செயலர் மத்தேயுவின் பக்கம் சாய்ந்தது அன்றுதான். போர்வை சிவப்பானது.)

அடுத்து, செங்கோல் என்று கேலியாகக் கையில் கொடுக்கும் நாணல் கோல். அது ஆயரின் கோலைப் போல இருந்ததாம். அரை முழமாக வெட்டப்பட்டது. கடைசியாகக் கேலிக்கே வந்தார்.

"வேதத்துல எலிசா தீர்க்கதரிசியை மொட்டைத்தலையான்னு கிண்டல் பண்ண பசங்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா? ரெண்டு கரடி வந்து கிழிச்சுப் போட்டுச்சு."

(செயலரின் தலையிலும் முடி கிடையாது என்பதை இங்கே சொல்வது அவசியமா என்று யோசித்தேன். அவசியம்.)

ஆனால் அதே வேதத்தில் எலியா தீர்க்கதரிசி, பாகால் என்ற வேறு தெய்வத்தின் குருக்களைப் பார்த்து, உங்கள் கடவுள் தூங்குகிறாரோ என்னவோ, இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள் என்று கேலி செய்கிறார். அவரிடம் எந்தக் கரடியும் வரவில்லை. கேலிக்காரர்களோடு உட்காராதே என்கிறது முதல் திருப்பாடல். பக்கத்தைத் திருப்பினால் இரண்டாவதில் விண்ணில் வீற்றிருப்பவரே, மண்ணுலக அரசர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். மேலே இருப்பவர் சிரித்தால் தீர்ப்பு, கீழே இருப்பவர் சிரித்தால் பாவம் என்று செயலர் இதைப் புரிந்துவைத்திருந்தார்.

பங்குத்தந்தை நல்லவர். அந்த வீரர்கள் பொய் என்று நினைத்துக்கொண்டு சொன்ன 'ராஜாவே வாழ்க'தான் ரோம ஆளுநரின் மாளிகையில் அன்று பேசப்பட்ட பெரிய உண்மை என்று பிரசங்கம் வைப்பார். செயலர் முறைத்தால் பாட்டுக்குப் போய்விடுவார்.

"அப்ப கேலியே வேண்டாமா?" என்று கேட்டார் முடிதிருத்துபவர்.

"வேணும். எழுதியிருக்கே! ஆனா மரியாதையா பண்ணுங்க."

"மரியாதையா எப்படிங்க கேலி பண்றது?"

"ஆயர் வரும்போது நாங்க எப்படி நடந்துக்கிறோம்னு பாருங்க. அதே மாதிரி பண்ணுங்க, போதும்."

4

மாலையில் ஆயர் வந்தார். முடிதிருத்துபவர் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தார். செயலர் காரின் கதவைத் திறந்தார். முதுகை வளைத்து, பின்பக்கமாகவே நடந்து வந்தார். ஏற்கெனவே துடைத்த நாற்காலியைத் தன் கைக்குட்டையால் மறுபடி துடைத்தார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார் ஆயர். செயலர் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

நாடகத்தில் அந்தக் கட்டம் வந்தது. தனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை, சொன்னதைத்தான் செய்தேன் என்று முடிதிருத்துபவர் என் கழுத்தின்மேல் சத்தியம் செய்கிறார். முதுகை வளைத்தார். பின்பக்கமாக நடந்து கைதியைக் கூட்டிவந்தார். கைக்குட்டையை எடுத்து, கைதி உட்காரவேண்டிய கல்லைத் துடைத்தார். கைதி வாயே திறக்கவில்லை. ஆனாலும் முடிதிருத்துபவர் ஏதோ நகைச்சுவையைக் கேட்டதுபோல விழுந்து விழுந்து சிரித்தார்.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். பிறகு கூட்டமே அதிர்ந்தது. செயலரும் சிரித்தார், தன் கையிலிருந்த கைக்குட்டையைக் கவனிக்கும்வரை.

படைவீரன் முழங்காலிட்டான். 'யூதரின் ராஜாவே, வாழ்க!' என்று சொல்லவேண்டும். முடிதிருத்துபவர் நிமிர்ந்து பார்த்தார். சிவப்புப் போர்வை, கம்பியில் செய்த முள்முடி, அதன் கீழே ஒரு புன்னகை. காபி மேசையில் தினமும் பார்த்த அதே புன்னகை. இத்தனை பக்கத்தில், கீழேயிருந்து, அதை அவர் பார்த்ததே இல்லை.

வசனம் வாயில் வரவில்லை. சிரிப்பும் அடங்கிவிட்டது. கூட்டம் காத்திருந்தது.

முள்முடிக்காரர் உதடு அசையாமல் சொன்னார்: "சொல்லுங்க மச்சான். பழகினதுதானே."

"குத்தலா சொல்லல சார் அவரு" என்றார் முடிதிருத்துபவர் கடையில், என் கழுத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டு. "எனக்கு வசனத்தை எடுத்துக்கொடுத்தாரு, அவ்வளவுதான். அதுதான் குத்திச்சு."

வசனத்தைச் சொன்னார். அதில் துளிக்கூடக் கேலி இல்லை. குரல் பாதியில் உடைந்தது. என்ன நடிப்பு என்று பாடற்குழுவில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாளாம்.

5

முடிவுக்கு என்னிடம் மூன்று யோசனைகள் இருந்தன.

ஆயர் எழுந்து வந்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மேடையில் முழங்காலிடுகிறார். (கைதட்டல் விழும். நான் நம்பமாட்டேன்.)

செயலர் மனம் வருந்திப் பதவி விலகுகிறார். (இதற்குப் பதிலாக—)

இரண்டு கரடிகள் வருகின்றன. (மேலே உள்ளதைவிட இது நம்பும்படி இருந்தது.)

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலையில் முடிதிருத்துபவர் காபியைத் தானே எடுத்துப்போய் வைத்தார். "மாப்பிள்ளை, சூடா இருக்கு, பாத்து" என்றார். தங்கை அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஆள் வந்துவிட்டது: ஆயர் புறப்படுவதற்கு முன் இருவரையும் பார்க்க வேண்டுமாம்.

ஆயர் தங்கியிருந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து செயலர் வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிதிருத்துபவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க முதல்ல போங்க."

"ராஜா எங்கயாவது முதல்ல போவாரா மச்சான்? அடி வாங்கத்தானே சிப்பாய் வச்சிருக்கோம்!"

அந்த வீட்டுக்கு வந்த பிறகு மாப்பிள்ளை செய்த முதல் கேலி அது. முடிதிருத்துபவர் அடக்கமுடியாமல் சிரித்தார். அவரும் சிரித்தார். வாயைப் பொத்தினாலும் நிற்கவில்லை. அப்போது கதவு திறந்தது.

ஆயர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவருக்கு ஒரு வசனம் வேண்டுமென்றால் நீங்களே கொடுங்கள். கோபமாகக் கொடுங்கள், கருணையாகக் கொடுங்கள், வேதத்திலிருந்தே எடுத்துக்கூடக் கொடுங்கள். கதவு திறந்தபோது அந்த இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.