குரலுக்கு எத்தனை நகல்

எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாது. அப்பாவின் தொண்டைக் கட்டியைக் குரல்வளையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா அழுதாள். என் கணவர் சந்தோஷ்குமார் டீ வாங்கிவரக் கிளம்பினார். நானோ அங்கேயே போனை எடுத்து, குரல் போனவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்பே ஆளின் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தால், பின்னால் அவர் எழுதுவதை அவர் குரலிலேயே படித்துக் காட்ட ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்து தருகிறதாம். நிறையப் பேசித் தர வேண்டுமாம். போதாதா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அப்பா வெள்ளியங்கிரிக்குப் பரமத்தி வேலூரில் கொடிக்கால். வெற்றிலைதான் பிழைப்பு. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு அவரையும் அம்மா ஆத்தாயியையும் கூட்டிவந்தேன். காலையில் காபி குடித்ததும் அவர் கையில் ஒரு பழைய போனைக் கொடுத்துப் பேசச் சொல்வேன். நிறுவனம் அனுப்பிய வாக்கியங்களைக் கொஞ்ச நேரம் படிப்பார், பிறகு சலித்துப்போய்ச் சொந்தக் கதைக்குத் தாவிவிடுவார். மோட்டார் ரிப்பேர், அகத்தி வெட்டியது, ஏணியை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத பக்கத்துக் காட்டுக்காரர். அப்போது குரல் லேசாகக் கரகரத்ததே தவிர நல்ல குரல்தான். கொடிக்காலின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்கும். நாள் போகப்போக அது தேய்ந்து, ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாரத்தில் வெறும் காற்றாகிவிட்டது. பதிவுகள் மட்டும்தான் மிச்சம்.

அங்கேதான் என் பயம் தொடங்கியது. ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஹார்ட் டிஸ்க் எப்படியெல்லாம் உயிரை விடும் என்று பார்த்தே தலை நரைத்தவள் நான். மூன்று நகல் வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சட்டம் எனக்கு மனப்பாடம். எந்த மூன்று என்பதில்தான் தூக்கம் போனது. இணையத்தில் வைக்கலாமா? குரலைத் திருடிப் போன் பண்ணி ஏமாற்றுகிற காலம், அப்பா குரல் எவன் கம்ப்யூட்டரில் கிடக்குமோ. தனி டிஸ்க்கில் வைக்கலாமா? கீழே விழுந்தால் போச்சு. மல்லசமுத்திரத்தில் மாமனார் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் அங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒன்று என்பேன், சாயங்காலம் இன்னொன்று என்பேன்.

"என்னையப் பாக்க வந்தப்பக்கூட உங்க ஊட்ல இத்தன விசாரிக்கல தமிழு," என்றார் சந்தோஷ்.

"விசாரிச்சிருந்தா இங்க எதுக்குங்க நிக்கறேன்," என்றேன்.

நிறுவனத்துக்கும் எல்லாம் சேர்ந்தபிறகு மொத்தமாக அனுப்பலாம் என்று எதையும் அனுப்பாமல் வைத்திருந்தேன். முடிவு தெரியும்வரை தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்தேன். அந்தப் பழைய போன், வீட்டுக் கம்ப்யூட்டர், மல்லசமுத்திரத்துக் கம்ப்யூட்டர், மூன்றையும் இணைத்துவிட்டேன். ஒன்றில் சேர்வது அடுத்த நிமிடமே மற்ற இரண்டிலும் சேர்ந்துவிடும். அப்படியும் மனம் ஆறவில்லை. திறந்து ஓட்டிப் பார்க்காத நகல் நகலே இல்லை என்பது என் கட்சி. அதனால் தினமும் பல தடவை ஹாலில் உட்கார்ந்து, மல்லசமுத்திரத்தில் இருப்பதை ஒரு முறை, வீட்டில் இருப்பதை ஒரு முறை என்று ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பேன். மேலே முதலில் இருக்கும் பதிவைத்தான் போடுவேன். இரண்டு நொடி சத்தம் வந்தால் சரி, அடுத்த வேலை.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் சோதிக்க உட்கார்ந்தேன். போனில் அப்பாவின் பதிவுகள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இல்லை. மல்லசமுத்திரத்திலும் இல்லை.

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருவது, இணைத்து வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு என்பதைத்தான். இணைத்து வைத்தால் ஒன்றில் சேர்த்தது எல்லாவற்றிலும் சேரும், ஒன்றில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும். ஊருக்கெல்லாம் சொன்னேன், என் வீட்டில் செய்யவில்லை. அழித்தது போனிலிருந்துதான் என்று குறிப்பு காட்டியது. போன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். அவரைத் தவிர அங்கே போகிற ஆள் ஒருத்திதான்.

"அம்மா, அந்தப் போனத் தொட்டியா?"

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நாந்தேன் அழிச்சுப்போட்டேன்."

யாராவது அனுப்பும் காலை வணக்கப் படங்களைத் தினமும் அழிக்கிற கை அது. அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழிக்கத் தெரியும்.

"எதுக்கும்மா?"

"உசுரோட இருக்கற மனுசனோட படத்துக்கு மால போட்டு மாட்டுவாங்களா? அப்பிடித்தான் இருக்குது நீ பண்றது. ஆளு இருக்கறப்பவே கொரல எடுத்துப் பொட்டில வெக்கற."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக எழுத எனக்கே கூசுகிறது. அவர் குரலை நீதான் கொன்றாய் என்றதுவரை போய்விட்டேன். சந்தோஷ் ஓடிவந்து, "தமிழு, மாமாவுக்குக் கேக்குது," என்று தோளைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

அம்மா துணியைக் கீழே போட்டாள்.

"தெனமும் போட்டுப் போட்டுப் பாக்கறியே, மொதல்ல அதுல என்ன வருதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். முதல் பதிவை ஆரம்பித்தபோது அப்பாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நான் பட்டனை அழுத்திவிட்டது தெரியாமல், "ஆத்தாயி, கொஞ்சம் தண்ணி கொண்டா," என்று கூப்பிட்டார். அது அப்படியே பதிவாகிவிட்டது. எனக்கு அது பதிவு ஓடுகிறது என்பதற்கான சத்தம், அவ்வளவுதான்.

"கூப்புடறாருன்னு நானு ஒவ்வொரு தடவையும் செம்ப எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடறேன். உன்ற பொட்டிதான்னு புத்திக்குத் தெரியறதுக்குள்ள காலு ஓடிருது. அங்க போனா அவரு பேச முடியாம என்ற மொகத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கறாரு. அவருக்கும் கேட்டிருக்கும்ல? நானு ஒண்ணுஞ் சொல்லாம செம்ப வெச்சுப்போட்டு வந்தர்றேன். எத்தன தடவ சாமி ஓடறது?"

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறைந்த செம்புகள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

வெட்கத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். அது ஓட ஓட நான் ஹாலுக்கும் மாடிக்கும் நடந்தேன், ஆஸ்பத்திரிப் பையில் வைத்த துண்டை எடுத்து மறுபடியும் மடித்து வைத்தேன், சந்தோஷ் நீட்டிய இட்லியைச் சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தேன். மத்தியானம் அது கொண்டுவந்து கொடுத்தது ஓடாத துண்டுகளை மட்டும்தான். போனது போனதுதான். ஆபீசில் எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையை நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அப்பா படி இறங்கி வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, பழைய போனைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"இருக்கறத எடு அம்மிணி," என்றார். உதட்டைப் பார்த்தால்தான் புரிந்தது.

எனக்கு அது வேண்டாம். அந்தக் காற்றை வைத்து எந்த நிறுவனமும் குரல் செய்யாது. அதைவிட, அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். அது அப்பாவே இல்லை என்று எனக்குள் ஒருத்தி அடம்பிடித்தாள். ஆனாலும் பட்டனை அழுத்தி அவர் முன்னால் வைத்தேன். படிக்க வாக்கியம் எதுவும் கொடுக்கவில்லை. அம்மா தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வெத்தலக் கிள்ளுக்கு யாரக் கூப்புடறதுங்க?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். "அவன் கொழுந்தையெல்லாம் பிச்சுப்போடுவானுங்க," என்றாள் அம்மா. இல்லை என்று தலையாட்டினார். தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் பாய்ச்சுவது என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அம்மா விடவில்லை, அவரும் விடவில்லை. அவர் ஏதோ சொல்ல, "அதுக்கு நீங்க வந்து பாத்துக்கங்க, என்னால ஆகாது," என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. அளவு சரியாக இருக்கிறதா, இரைச்சல் ஏறுகிறதா என்று பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாரக்கணக்கில் வராத முடிவு கார் வருவதற்குள் வந்துவிட்டது. இணைப்புகளை எல்லாம் அறுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் புதுப் பதிவின் ஒரு நகல். டிஸ்க்கில் ஒன்று, சந்தோஷ் அதை மல்லசமுத்திரம் கொண்டுபோய் பீரோவில் வைப்பார். இணையத்தில் ஒன்று, எவன் கம்ப்யூட்டராக இருந்தால் என்ன. எல்லாவற்றையும் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணுல அழிச்சா மத்ததுலயும் போயிருமா?"

"போகாதும்மா. இப்ப எல்லாம் தனித்தனி."

"நாங் கை வெச்சாலும்?"

"நீ கை வெச்சாலும்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். சந்தோஷ் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

"அப்ப என்ற போன்லயும் ஒண்ணு போட்டுக் குடு."

போட்டேன். ஏறிவிட்டது என்று திரை காட்டியது. என் கட்டைவிரல் பழக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் போனது. அம்மா திரைமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"நீ போட்டுப் பாக்க வேண்டாஞ் சாமி. வேணுங்கறப்ப நானே போட்டுக்கறேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குப் போனாள். அந்த நகல் ஓடுகிறதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.