பெட்டியில் கைவைத்தது யார்

ராய்ஸுக்கு மூன்றாம் நாளாக இடுப்பு நிமிரவில்லை. முப்பத்தெட்டு வருடம் எண்ணெய்க் கிணற்றில் குழாய் தூக்கிய இடுப்பு. நெல்டாவின் கட்டிலோரம் நாற்காலியிலேயே தூங்கி எழுந்ததில் மொத்தமாக மக்கர் செய்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றார்.

மேற்கு டெக்சஸில் ஆகஸ்ட் மாதம். வெளியே நூற்றெட்டு டிகிரி, உள்ளே தொண்ணூற்றேழு. ஏசி படுத்து மூன்று நாள். அவர் மனைவி நெல்டாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் இந்தப் புழுக்கத்தில் இழுத்து இழுத்துத்தான் மூச்சு விட்டாள். இப்படியே போனால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்.

"வாரன்ட்டிக்காரன் இன்னிக்காவது வருவானா?" என்றாள்.

"வராம எங்க போவான்? ஆறு வருசமா மாசம் தவறாம கட்டுறோம்ல."

வீட்டு வாரன்ட்டியை எடுக்க வைத்ததே நெல்டாதான். ஏசியோ ஹீட்டரோ, எது பழுதானாலும் கம்பெனியே ஆள் அனுப்பும், முடியாவிட்டால் புதிது மாட்டித் தரும் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. மீதி இருபத்திரண்டு பக்கத்தை இருவருமே படிக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கம்பெனி அனுப்பிய மெக்கானிக் எஃப்ரைன் வந்தான். நாற்பது வயதிருக்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏசிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"கம்ப்ரசர் எரிஞ்சு போச்சுங்க. பெட்டியவே மாத்தணும்." இன்னும் குனிந்து பார்த்தான். "இந்தக் கெப்பாசிட்டர யாரு போட்டது? வயர இவ்ளோ அழகா எங்க ஆளுங்க எவனும் கட்ட மாட்டானே."

"நான்தான். ரெண்டு வருசம் ஆச்சு. இருபது டாலர் சாமான், பத்து நிமிச வேலை. அதுக்கு உங்க ஆளுக்காக நாலு நாள் வெந்துக்கிட்டுக் கெடக்கவா?"

எஃப்ரைன் எழுந்து வேலிப் பக்கம் பார்த்தான்.

"எனக்குக் காது மந்தம்ங்க. நீங்க சொன்னது விழல. கம்பெனிலேர்ந்து போன் வரும், பேசறத ரெக்கார்ட் பண்ணுவாங்க. வேற யாராச்சும் பெட்டியில கைவச்சாங்களான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க."

"கம்ப்ரசர் எரிஞ்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"இல்லதான். நானும் அப்படித்தான் எழுதப்போறேன். அவங்க பாக்கறது அத இல்ல."

ராய்ஸ் உள்ளே போய் நெல்டாவிடம் அதைச் சொன்னார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. நெல்டா ஸ்பீக்கரில் போட்டாள். பேசிய பெண்ணுக்குத் தேன் குரல். ஏசிக்கு எத்தனை வயது, எப்போது நின்றது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தாள்.

கிணற்றில் தான் முறுக்கிய ஒரு திருகைக்கூட ராய்ஸ் அடுத்தவன் செய்ததென்று சொன்னதில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. நெல்டா எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைத்தாள். தெரியாது. தெரியாது.

"கெப்பாசிட்டர் ஒண்ணு நான் மாத்தினேன்மா. ஒழுங்காத்தான் மாத்தினேன். வேணும்னா உங்க மெக்கானிக்கையே கேளு."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "உண்மையச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார்," என்றாள். லைசென்ஸ் இல்லாதவர் கைவைத்த பெட்டிக்குப் பதினாலாம் பக்கத்தின்படி கம்பெனி ஒன்றும் தராது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

நெல்டா போனை வைத்தாள். "ஒரே ஒரு வார்த்த, ராய்ஸ்."

"நல்லா செஞ்ச வேலைய செய்யலன்னு எப்பிடி..."

"அத வச்சு நான் மூச்சு விடவா?"

வெளியாளை வைத்துப் புதுப் பெட்டி மாட்ட ஆறாயிரம் டாலர் ஆகும். அவ்வளவு பணத்தை ஒருசேரப் பார்த்து வருடக்கணக்காகிறது. ராய்ஸ் நெல்டாவையும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் தாங்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வண்டி ஏசியை முழுதாகத் திருப்பினார். பெட்ரோல் அரை டேங்குக்கும் கீழே கிடந்தது. நெல்டா கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எஃப்ரைன் கையில் ஒரு காகிதத்தோடு நின்றான். "மன்னிச்சுக்குங்க. கம்பெனி தள்ளிவிட்டாலும் நான் வந்ததுக்கு நீங்கதான் கட்டணும்."

ராய்ஸ் பர்ஸைத் திறந்தார். பன்னிரண்டு டாலர். அது பெட்ரோலுக்கு வேண்டும்.

எஃப்ரைன் பர்ஸைப் பார்க்காததுபோல் காகிதத்தில் எழுதி, கிழித்துக் கொடுத்தான். மெக்கானிக் வந்து பார்த்த கூலி எண்பத்தைந்து டாலர், பாக்கி.